படைப்பில் வைத்த தோட்டா

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. இருக்கிறது என்கிறேனே தவிர, அது என்னுடையது இல்லை. என் பெரியப்பச்சி மகன் கார்த்திகேய சிவத்தினுடையது. காரைக்குடியில் எங்கள் ஐயா, அதாவது அப்பச்சி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் இருவர் அப்பாக்களையும் பெற்றவர், கட்டிய வீட்டில் அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவின் வடபக்கத்து அறைகள் அவன் பங்கு, தென்பக்கத்து அறைகள் என் பங்கு. முற்றத்தையும் தூண்களையும் கிணற்றையும் பங்காளிகள் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இரட்டைக் குழல் துப்பாக்கியை அப்படி வைத்துக்கொள்ள அரசாங்கம் விடாது. லைசென்ஸ் ஒருவர் பேரில்தான் இருக்கும். ஐயா பேரில் இருந்தது, மூத்த மகனான பெரியப்பச்சி பேருக்கு வந்தது. அவர் போனபின் வாரிசு என்று சிவம் பேருக்கு மாறிவிட்டது.

இதில் உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் சிவத்துக்கு மூத்தவன். அவன் சிங்கப்பூரில் கப்பல் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன் நான். ஓடு மாற்றியது நான், கரையானுக்கு மருந்தடித்தது நான், வௌவால் விரட்டியது நான். பெரியப்பச்சிக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்ததும் நான்தான். "மீனாட்சிசுந்தரம் கைபட்டாத்தான்டா இது மினுங்குது" என்று அவர் வாய் நிறையச் சொல்வார். மினுக்கியவன் நான், வாரிசு அவன். அவன் தலையில் இன்னும் முடி இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிவம் ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக மதுரைக்குப் போய்த் துப்பாக்கிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினான். திரும்பி வந்த அன்று அவனுக்கு எங்கள் பக்கத்தில்தான் பலகாரம். என் மனைவி உமையாள் வெள்ளைப் பணியாரம் சுட்டுப் போட்டாள். நான் கேட்டால் மாவு இல்லை என்பாள். அவன் பணியாரத்தைப் பிய்த்துக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினான்.

"அண்ணே, கையில எடுத்த ஒடனே என்ன செய்யணும் தெரியுமா? குழல மடிச்சு, தோட்டா இருக்கா இல்லையான்னு கண்ணால பாக்கணும். இல்லேன்னு தெரிஞ்சாலும் பாக்கணும். அப்புறம், ஆள் மேல நீட்டுறது கடைசி வழி. சாமானக் காப்பாத்த நீட்டக் கூடாது, மெரட்டிப் பாக்க நீட்டக் கூடாது. நம்ம உசுருக்கோ அடுத்தவுக உசுருக்கோ ஆபத்து கண்ணு முன்னால வந்து நிக்கணும். அப்பத்தான் நீட்டலாம்."

"அப்ப திருடன் வந்தா, வாங்க உக்காருங்கன்னு காபி குடுக்கணுமா?" என்றேன்.

"சாமானத் தூக்கிக்கிட்டு ஓடுறவன விட்டுறணும்ணே. சாமான் போனா வாங்கிக்கலாம்."

சிங்கப்பூரில் சம்பாதித்தவன் வாங்கிக்கொள்வான். உமையாள் மோவாயில் கைவைத்து, கோயிலில் பிரசங்கம் கேட்பவள் மாதிரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேச்சை அவள் அப்படிக் கேட்டு எந்தக் காலமோ ஆயிற்று.

தேர்தல் வந்துவிட்டால் இன்னும் கொடுமை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். சிவம் அதை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீதியில் நடந்தே போவான். கார் இருக்கிறது, இருந்தாலும் நடந்துதான் போவான். பால் கடைக்காரர் எழுந்து நிற்பார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கி வரும்போது மறுபடியும் எழுந்து நிற்பார். நான் மஞ்சப்பையோடு அதே வீதியில் தினமும் போய் வருகிறேன். எனக்காக அந்த மனுசர் உட்கார்ந்த இடத்தில் அசைந்துகூடக் கொடுத்ததில்லை. பங்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வார்களே, அது வந்தவனுக்குத்தான் தெரியும். மாத்திரைக்கு இறங்காது.

எனக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு பெருமை. வருஷத்துக்கு ஒருமுறை முன்னோர்களுக்குப் படைப்பு வைப்போம். பங்காளிகள் எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிட வேண்டும். இலை போட்டு, சமைத்ததையெல்லாம் பரிமாறி, பெட்டியில் இருக்கும் பழைய வேட்டி சேலைகளை எடுத்து வைத்துக் கும்பிடுவோம். எங்கள் வீட்டில் கூடுதலாக ஐயாவின் துப்பாக்கியையும் வைப்பது வழக்கம். குழலை மடித்து வெறுமனே வைத்து, பக்கத்தில் வெற்றிலை மேல் இரண்டு தோட்டாக்களை வைக்க வேண்டும். படைத்ததை எடுக்கும் உரிமை மூத்த புள்ளிக்கு மட்டும்தான். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் எங்களில் ஒரு புள்ளி. எங்கள் வீட்டில் மூத்த புள்ளி நான். நான் எடுத்துக் கொடுக்கும்வரை மற்றவர்கள் எதையும் தொடக் கூடாது, வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. கேட்டால் முன்னோர்களையே அவசரப்படுத்திய மாதிரி ஆகிவிடும் என்பார்கள்.

இந்த வருஷப் படைப்பில் வேட்டி, சேலை, பழம், துப்பாக்கி என்று ஒவ்வொன்றாக எடுத்து உரியவர்கள் கையில் கொடுத்தேன். தோட்டாக்களை மட்டும் வெற்றிலையோடு சேர்த்துச் சுருட்டி என் இடுப்புப் பெல்ட்டின் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவனிடம் இருந்ததே அந்த இரண்டுதான். நமக்கு எதுக்குண்ணே அதுக்கு மேல என்று வாங்காமல் விட்டவன் அவன். திருடும் எண்ணம் எனக்கு இல்லை. "அண்ணே, அந்தத் தோட்டாவக் குடுங்க" என்று அவன் ஒருமுறை என் முன்னால் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கக் கூடாதுதான். ஆனால் அவன் வழக்கத்தை மீறிக் கேட்டான் என்று ஆகட்டுமே. கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டுக் கொடுத்திருப்பேன்.

அவன் கேட்கவில்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு, "வாரேண்ணே" என்று தன் அறைக்குப் போய்விட்டான். தோட்டா வராததைக் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பீரோவுக்குள் அவன் பூட்டி வைத்தது வெறும் இரும்புக் குழாய், அதன் உயிர் என் இடுப்பில். அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள், வந்த சனமெல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டது. உமையாள் குன்றக்குடிக்கு முருகனைப் பார்க்கப் போயிருந்தாள். மத்தியானம் நான் வளவில் தனியாக உட்கார்ந்து, படைப்புக்கு எடுத்த அண்டாக்களையும் உருளிகளையும் துடைத்துச் சாமான் அறைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

"பழைய சாமான் எதுவும் குடுக்கிறீகளா ஐயா? நல்ல வெலைக்கு எடுத்துக்கிறோம்" என்றான் முன்னால் வந்தவன். அவன் பெயர் செம்மலை என்று பிறகு தெரிந்தது.

இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். "ஒண்ணும் இல்ல, போங்க" என்றேன். அவன் போகவில்லை. அண்டாக்களைப் பார்த்தான். திறந்து கிடந்த சாமான் அறையைப் பார்த்தான். வீட்டில் வேறு ஆள் சத்தம் இல்லையா என்று காதைக் கொடுத்துக் கேட்டான். கூட வந்தவன் திரும்பிப் போய் முகப்புக் கதவைச் சாத்தினான். செம்மலை கையிலிருந்த சாக்கைப் பிரித்தான். உள்ளே கடப்பாரை இருந்தது.

"சாவியெல்லாம் எங்க?"

சாவிக்கொத்து என் இடுப்பில், தோட்டாக்களுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எனக்கென்று இருப்பதே அந்தக் கொத்துதான். அதையும் எவனோ ஒருவன் வந்து கேட்டால்? "போடா நாயே!" என்று கத்தினேன். அவன் என்னைத் தூணோடு சாத்தி, என் தோளில் கிடந்த துண்டைக் கழுத்தோடு முறுக்கிப் பிடித்தான். மறுகையில் கடப்பாரை என் தலைக்கு மேலே ஏறியது. அதன் முனையில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. வேறு எந்த வீட்டிலோ நிலைக்கதவைப் பெயர்த்த காரை. அதைப் பார்த்ததும் இவன் அடித்துவிடுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

"கீழ போடு."

சிவத்தின் குரல். வடபக்கத்து அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். துப்பாக்கிக் கட்டை தோளில், குழல் செம்மலையின் நெஞ்சுக்கு நேரே. செம்மலை துண்டை விட்டுவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனான். கடப்பாரையை மட்டும் இறக்கவில்லை.

அது வெறும் குழாய் என்று எனக்குத் தெரியும். சிவத்துக்குத் தெரியாது என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை. சொன்னால் செம்மலைக்கும் தெரிந்துவிடும். சிவம் சத்தம் போடவில்லை, ஓடி வரவுமில்லை. குழலை இறக்காமல் மெல்ல நடந்து வந்தான். வந்து எனக்கும் கடப்பாரைக்கும் நடுவில் நின்று, தோளால் என்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். அவன் சட்டை என் மூக்கில் உரசியது.

"போடுன்னேன்."

கடப்பாரை விழுந்ததில் தரையில் ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்தது. செம்மலை பின்கட்டு வழியாக ஓட்டம் பிடித்தான். சிவம் அந்த நிமிஷமே குழலைத் தரையைப் பார்க்க இறக்கிவிட்டான். ஓடுகிறவன் முதுகுக்கு அதை நீட்டவில்லை. பின்சுவரில் ஏறிக் குதித்த செம்மலைக்குக் கால் முறிந்தது. மற்றவன் எப்போதோ ஆட்டோவை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். சிவம் போலீஸுக்குப் போன் பேசி முடித்து, "அடி கிடி பட்டுருச்சாண்ணே?" என்று என் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

உயிர் பிழைத்ததற்கு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். என்னைக் காப்பாற்ற இந்த ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

அன்றைக்கே போலீஸார் வந்து செம்மலையை ஆஸ்பத்திரிக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனுக்கும் கொண்டுபோனார்கள். ஊர் சிவத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாட ஆரம்பித்தது. பிள்ளையார் கோயிலில் மாலை போட்டார்கள். பால் கடைக்காரர் எழுந்து நின்றதோடு இல்லாமல் கும்பிடவும் செய்தார். கும்பிட்டுவிட்டு என்னிடம், "தம்பி புண்ணியத்துல பொழச்சீக" என்றார். உமையாள் கந்தரப்பம் சுட்டுத் தட்டு நிறைய வடபக்கம் அனுப்பினாள். "இதெல்லாம் எதுக்கு அண்ணமிண்டி?" என்று அவன் தன் அண்ணன் மனைவியிடம் கூச்சப்படுவது எங்கள் பக்கத்துக்குக் கேட்டது. கூச்சத்திலும் என்ன ஒரு அழகு அந்தப் பாவிக்கு!

எனக்கு இருந்தது ஒரே ஆறுதல். கையில் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்க யாரால்தான் முடியாது? வெறும் குழாய் என்று தெரிந்திருந்தால் அடுப்படி வழியாக ஓடியிருப்பான். எடுத்ததும் மடித்துப் பார்க்கணும் என்ற மதுரைப் பாடமெல்லாம் பணியாரம் தின்னும்போதுதான். அந்த அவசரத்தில் எவன் குழலை மடித்துப் பார்க்கப் போகிறான்? இந்த நினைப்பை நான் கற்கண்டு மாதிரி வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். ஊர் அவனைப் புகழப் புகழ அது கரைந்து இனித்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்த செம்மலை ஒரு வக்கீலைப் பிடித்துவிட்டான். பழைய சாமான் கேட்கத்தான் போனேன், கடப்பாரையை ஓங்கவே இல்லை, அந்த ஆள் காரணமில்லாமல் துப்பாக்கியை நீட்டினார், உயிருக்குப் பயந்து குதித்ததில் கால் போயிற்று என்று புகார் கொடுத்தான். சிவம் துப்பாக்கியை நீட்டியது நியாயமா இல்லையா என்று இப்போது போலீஸ் முடிவு செய்தாக வேண்டும். நியாயம் இல்லை என்றால் அவன் மேல் வழக்கு, லைசென்ஸும் போகும். பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

"உள்ளத உள்ளபடி சொல்லீருங்க. தம்பிக்கு ஒண்ணும் வந்துறக் கூடாது" என்றாள் உமையாள்.

"எனக்கு ஒண்ணும் வந்துறக் கூடாதுன்னு ஒனக்குத் தோணலையா?"

"ஒங்களுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கீகளே."

அந்த வார்த்தையில்தான் நான் முடிவு செய்தேன். பொய் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் குறைத்துச் சொல்லப் போகிறேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், கடப்பாரை எங்கே இருந்தது என்று தெரியாது. இவ்வளவு போதும். லைசென்ஸ் போய்விடும். அவனும் என்னை மாதிரி மஞ்சப்பையோடு வீதியில் நடப்பான். பால் கடைக்காரர் உட்கார்ந்தே இருப்பார்.

ஸ்டேஷனில் சிவத்தை முதலில் கூப்பிட்டு விசாரித்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நான் உள்ளே போகும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் ஆரோக்கிய ஷீலா என் மகள் வயதுப் பெண். எனக்கு நாற்காலி போடச் சொல்லி, டீயும் வரவழைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஐயா, செம்மலை எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும். அதுக்காக அவன் மேல யாரு வேணாலும் எப்ப வேணாலும் துப்பாக்கிய நீட்டலாம்னு ஆயிராது. நீட்டுன அந்த நேரத்துல உசுருக்கு ஆபத்து இருந்துச்சா? இருக்குன்னு நம்ப ஞாயமான காரணம் இருந்துச்சா? அதத்தான் சட்டம் கேக்கும். தன் உசுரானாலும் சரி, அடுத்தவுக உசுரானாலும் சரி. அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடப்பாரை எங்குட்டு இருந்துச்சு? தரையிலயா, தோள்லயா, தலைக்கு மேலயா?"

"நான் கண்ண மூடிக்கிட்டேம்மா."

"மூடிக்கிட்டீகளா?"

"பயத்துல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உங்க தம்பி சொன்னத நான் சொல்றேன். பொருந்துதான்னு பாருங்க. நீங்க கத்துன சத்தம் கேட்டு அறை வாசலுக்கு வந்து பாத்தாக. உங்க தலைக்கு மேல கடப்பாரை நின்னுச்சு. பீரோவத் தொறந்து துப்பாக்கிய எடுத்தாக. எடுத்த ஒடனே குழல மடிச்சுப் பாத்தாக. உள்ள தோட்டா இல்ல."

"மடிச்சுப் பாத்தானா?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"பாத்தாகளாம். நாங்க வாங்குறப்பவும் வெறும் துப்பாக்கிதான். தெரிஞ்சே ஏன் சார் முன்னால போனீக, பின்வாசல் வழியா ஓடி ஆளக் கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு கேட்டேன். ஆளு வர்ற வரைக்கும் அவன் கை அப்புடியே நிக்குமாம்மான்னு திருப்பி என்னையவே கேட்டாக. சுடத்தான் முடியாது, நடுவுல போயி நிக்க முடியும்லன்னாக."

வாயில் ஒதுக்கியிருந்த கற்கண்டு கல்லாகிப் பல்லில் கடிபட்டது. தெரிந்தே வந்திருக்கிறான். என் தலைக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தெரிந்தே வந்து நின்றிருக்கிறான்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்குங்கய்யா" என்றார் ஷீலா. "தோட்டா எங்கன்னு கேட்டதுக்கு, படைப்பு அமளியில எங்கயோ தொலைச்சிட்டேன், என் கவனக்குறைவுதான்னு எழுதிக் குடுத்திருக்காக. நீட்டுனதுக்காவது நீங்க சாட்சி சொன்னா ஞாயம் இருக்கு. தோட்டாவத் தொலைச்சதுக்கு என்ன ஞாயம் இருக்கு? அது தப்பான ஆளு கையில கெடச்சா? நீங்க என்ன சொன்னாலும் அதுலயே லைசென்ஸ் போயிரும்."

படைத்ததைத் தொடும் உரிமை என் ஒருவன் கைக்குத்தான் உண்டு என்பது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். தோட்டா யாரிடம் இருக்கிறது என்று சிவத்துக்குப் படைப்பன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் வாய் திறக்கவில்லை. போலீஸிடமும் திறக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. அதற்கு முன்பு பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரியான பொறாமை. துப்பாக்கி அவனுக்கு, மாலை அவனுக்கு, பணியாரம் அவனுக்கு. இப்போது அண்ணனுக்காகப் பழியை ஏற்ற நல்லவன் என்ற பெயரும் அவனுக்கா? லைசென்ஸ் இருந்தாலும் அவன்தான் பெரிய மனுசன், போனாலும் அவன்தான் பெரிய மனுசன். நான் செத்து எனக்குப் படைப்பு வைக்கும் நாளில்கூட இந்தக் கதையைத்தான் பேசுவார்கள். விடக் கூடாது. இதிலாவது அவன் என்னை ஜெயிக்கக் கூடாது.

பெல்ட்டின் பையைத் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். காய்ந்துபோன வெற்றிலையும் கூடவே வந்தது.

ஷீலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எப்புடி உங்கட்ட?"

"படைப்பன்னிக்கு நாந்தாம்மா எடுத்து வச்சுக்கிட்டேன். அவன் தொலைக்கல."

"எதுக்கு எடுத்தீக?"

"பொறாமை."

அவர் பேனாவை எடுத்து, எழுதாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "இத அப்புடியே எழுதட்டுமா?"

"எழுதுங்க. கண்ண மூடுனேன்னு சொன்னத அடிச்சிருங்க. நல்லாத் தொறந்துதான் வச்சிருந்தேன். கடப்பாரை என் தலைக்கு மேல இருந்துச்சு. மொனையில சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சு. அவன் அடிச்சிருப்பான். ஓட எனக்கு வழியில்ல, பின்னால தூணு. அவன் ஓடுனதுக்கப்புறம் என் தம்பி துப்பாக்கிய நீட்டல. அதையும் மறக்காம எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடித்ததும், "லைசென்ஸ் இல்லாத ஆளு தோட்டா வச்சிருந்தா குத்தம். உங்க மேல கேஸ் வரும். புரியுதுங்களாய்யா?" என்றார்.

"புரியுது."

சிவத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் மேசையைப் பார்த்தான், தோட்டாக்களைப் பார்த்தான், வெற்றிலையைப் பார்த்தான். கடப்பாரைக்கு மாறாத முகம் அப்போது மாறியது.

"மேடம், அண்ணன் மேல ஒண்ணும் எழுதாதீக. நாந்தான் அவுகட்ட குடுத்து வச்சிருந்தேன். லைசென்ஸ் என் பேருல இருக்கு, பொறுப்பு என்னுது" என்று சொல்லிக்கொண்டே வேகமாக வந்து, மேசைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் நின்றான். அதே தோள். அதே மாதிரி என்னைப் பின்னுக்குத் தள்ளியது. அதே சட்டை என்றுகூடத் தோன்றியது.

"ஏன்டா கேக்கல?" என்றேன். "எங்கிட்ட இருக்குன்னு தெரியும்ல? ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?"

அவன் திரும்பிப் பார்த்தான். நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசுகிறேன் என்பது போல ஒரு பார்வை.

"மூத்த புள்ளி எடுத்துக் குடுக்காம எப்புடிண்ணே கேக்கிறது?"

என்னிடம் மிச்சமிருந்த அந்த ஒரே பெருமைக்கு என்னைவிட அவன்தான் மரியாதை கொடுத்திருக்கிறான். மண்டை பிளந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். இந்த இடத்தில்தான் எனக்கு வெட்கம் வந்தது. வந்ததும் எழுந்தேன். அவன் தோளைப் பிடித்து ஒதுக்கினேன்.

"தள்ளி நில்லுடா. எப்பப் பாத்தாலும் நீதான் முன்னால நிக்கணுமா?"

பிறகு இன்ஸ்பெக்டரிடம், "அம்மா, ஒரு நிமிசம். இதத் தொட்டுக்கிறேன்" என்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. "இங்கயே வைக்கணும், வெளிய போகக் கூடாது" என்று மட்டும் சொன்னார். தோட்டாக்களை வெற்றிலையோடு எடுத்து, படைப்பில் எடுத்துக் கொடுப்பது மாதிரியே இரண்டு கையாலும் நீட்டினேன். சிவம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசைமேல் வைத்தான்.

வைத்துவிட்டு எனக்கு வழிவிட்டுப் பின்னால் போய் நின்றான். நான் முன்னால் போய் உட்கார்ந்து, எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன்.